பிளஸ் டூ பிள்ளைகளுக்கு ஓ-நெட் இன்ட்ரெஸ்ட் டெஸ்ட்: பட்டியலை விடுங்கள், ஆறு எண்களைப் பாருங்கள்

பத்தாவது ரிசல்ட் வந்த வாரம் எந்த வீட்டில் நுழைந்தாலும் பேச்சு ஒன்றுதான்: பயோ-மேத்ஸா, கம்ப்யூட்டர் சயின்ஸா, காமர்ஸா? பிளஸ் டூ முடிந்ததும் அதே கேள்வி இன்னும் பெரிதாகித் திரும்பி வரும். "பிள்ளையின் குணத்தையும் யோசிக்கும் விதத்தையும் அளந்து சரியான படிப்பைச் சொல்கிறோம்" என்ற விளம்பரங்களும் அந்த நேரம் பார்த்துத்தான் போனில் வந்து குவியும். பலவற்றுக்குச் சில ஆயிரம் ரூபாய் கட்டணம். ஒரு பைசா வாங்காமல், அவற்றில் பெரும்பாலானவற்றைவிட ஒழுங்காக வேலை செய்யும் ஒன்று இருக்கிறது: அமெரிக்கத் தொழிலாளர் துறையின் ஓ-நெட் இன்ட்ரெஸ்ட் புரொஃபைலர். மை நெக்ஸ்ட் மூவ் என்ற தளத்தில் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். ஒவ்வொரு பிள்ளையும் ஒருமுறை எடுத்துப் பார்க்க வேண்டிய டெஸ்ட் இது. ஆனால் கடைசியில் அது நீட்டும் வேலைப் பட்டியலை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. அதற்கு முந்தைய திரையில் ஆறு எண்கள் வரும். சரக்கு அங்கேதான் இருக்கிறது. பலரும் அதை ஒரு பார்வை பார்த்துவிட்டு 'நெக்ஸ்ட்' அழுத்திவிடுகிறார்கள்.

அந்த ஆறு எண்களுக்குப் பின்னால் இருப்பது ஜான் ஹாலண்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் 1959-ல் முன்வைத்த கருத்து. மனிதர்களின் நாட்டங்களை அவர் ஆறாகப் பிரித்தார். கையால், கருவியால் ஒன்றைச் செய்வது, காரணம் தேடி ஆராய்வது, புதிதாகப் படைப்பது, பிறருக்குக் கற்பித்து உதவுவது, ஆட்களை இணங்க வைத்து நடத்துவது, கணக்கையும் பதிவையும் ஒழுங்காக வைப்பது. திரையில் இவை ரியலிஸ்டிக், இன்வெஸ்டிகேட்டிவ், ஆர்ட்டிஸ்டிக், சோஷியல், என்டர்பிரைசிங், கன்வென்ஷனல் என்று வரும். இங்கே செய்கை, ஆய்வு, படைப்பு, சேவை, தலைமை, ஒழுங்கு என்று வைத்துக்கொள்வோம். இந்த வரிசையை மாற்றாமல் ஓர் அறுகோணத்தின் ஆறு முனைகளில் எழுதிப் பாருங்கள். பக்கத்துப் பக்கத்து முனைகள் ஒன்றுக்கொன்று நெருக்கம். எதிரெதிர் முனைகள் ஒன்றுக்கொன்று மாறான பக்கம் இழுக்கும். செய்கைக்கு எதிரே சேவை, ஆய்வுக்கு எதிரே தலைமை, படைப்புக்கு எதிரே ஒழுங்கு. இந்தப் படம் பின்னால் தேவைப்படும்.

மொத்தம் 60 கேள்விகள், ஒவ்வொரு நாட்டத்துக்கும் 10. எல்லாமே வேலையின் பெயர்கள்தான்: செங்கல், டைல்ஸ் பதிப்பது, புது மருந்து கண்டுபிடிப்பது, நாடகம் எழுதுவது, பள்ளியில் பாடம் நடத்துவது, துணிக்கடை நிர்வகிப்பது, ஊழியர்களுக்குச் சம்பளம் கணக்கிடுவது. ஒவ்வொன்றுக்கும் 'மிகவும் பிடிக்காது' என்பதிலிருந்து 'மிகவும் பிடிக்கும்' வரை ஐந்து பதில்கள். அவற்றுக்கு 0 முதல் 4 வரை மதிப்பெண். ஆக ஒரு நாட்டத்துக்கு அதிகபட்சம் 40. பத்துப் பதினைந்து நிமிட வேலை. தமிழில் விளக்கிச் சொல்ல யாராவது பக்கத்தில் இருந்தால் அரை மணி நேரம் ஒதுக்குங்கள்.

தவறு பெரும்பாலும் பதில் சொல்லும்போதே நடந்துவிடுகிறது. 'இந்த வேலை செய்ய உனக்குப் பிடிக்குமா' என்பது மட்டும்தான் கேள்வி. படிப்பு போதுமா, சம்பளம் வருமா என்று யோசிக்க வேண்டாம் என்று டெஸ்டே ஆரம்பத்தில் சொல்லிவிடுகிறது. நம் பிள்ளைகளோ கேள்வியை உடனே 'இந்த வேலைக்குப் போனால் மரியாதையா' என்று மாற்றிக்கொள்கிறார்கள். லாரி ஓட்டிப் பார்சல் கொடுப்பது, பூட்டு ரிப்பேர் செய்வது, தொழிற்சாலையில் உதிரி பாகங்களின் தரம் பார்ப்பது என்று வந்ததும் கை தானாக 'மிகவும் பிடிக்காது' பக்கம் போகிறது. அப்படி நான்கைந்து கேள்விகளில் போனாலே செய்கை எண் 15, 20 குறைந்துவிடும். மிக்ஸியைப் பிரித்துப் போட்டு மாட்டுகிற பையனுக்கும் மெக்கானிக்கல் பக்கமே தலைகாட்டாத ரிசல்ட் வருவது இதனால்தான்.

மீன் குஞ்சுப் பண்ணை பற்றிய கேள்வியை மட்டும் எடுத்துப் பார்ப்போம். பண்ணையில் மீன் வளர்ப்பது பிடிக்குமா என்று கேட்கும். இது செய்கைக் கணக்கில் சேரும் கேள்வி. நாற்றம் நினைவுக்கு வந்து 'பிடிக்காது' என்றால் அது நேர்மையான பதில். 'மீன்காரன் வேலை' என்று நினைத்து 'பிடிக்காது' என்றால் அது அக்கம்பக்கத்தாரின் பதில். தண்ணீரின் உப்பு, ஆக்சிஜன் அளவு பார்ப்பது, குஞ்சுகளை அளவு வாரியாகப் பிரிப்பது, நோய் வந்த தொட்டியைத் தனியாக ஒதுக்குவது என்று அந்த வேலையில் ஒரு நாள் எப்படிப் போகும் என்று ஒரு நிமிடம் நினைத்துப் பார்த்தபின் சொல்லும் பதில்தான் கணக்கு. இதற்கென்றே நான்கு வருட பி.எஃப்.எஸ்சி. படிப்பு நாகப்பட்டினத்தைத் தலைமையிடமாகக் கொண்ட மீன்வளப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது என்பதும் பல வீடுகளுக்குத் தெரியாது.

பெண் பிள்ளைகள் விஷயத்தில் கூடுதல் கவனம் வேண்டும். ஸ்குரூ டிரைவரையே கையில் கொடுக்காமல் வளர்த்துவிட்டு, வீட்டுச் சாதனங்களை ரிப்பேர் செய்வது பிடிக்குமா என்று கேட்டால் 'பிடிக்காது' என்றுதான் வரும். செய்து பார்த்துப் பிடிக்காமல் போவது வேறு, செய்தே பார்க்காதது வேறு. டெஸ்டுக்கு இந்த வித்தியாசம் தெரியாது. செய்கை எண் மட்டும் தனியாகப் பள்ளத்தில் கிடந்தால், அந்தப் பத்துக் கேள்விகளில் எத்தனை வேலைகளைப் பிள்ளை நேரில் பார்த்திருக்கிறது என்று கேளுங்கள்.

அடுத்த சிக்கல் 'தெரியவில்லை' என்ற நடுப் பதில். அதற்கு 2 மதிப்பெண். 10 கேள்விக்கும் அதையே போட்டால் 20. ஆறு எண்களும் 18-க்கும் 23-க்கும் நடுவே நின்றால், பிள்ளைக்கு எல்லாவற்றிலும் ஆர்வம் என்று மகிழ வேண்டாம். எதிலும் ஆர்வமில்லை என்று கலங்கவும் வேண்டாம். கேள்வி புரியாமல் நடுவிலேயே அழுத்தியிருக்கலாம். இரண்டு வாரம் கழித்து, அர்த்தம் தெரியாத கேள்விகளுக்கு விளக்கம் கேட்டுக்கொண்டு, 'தெரியவில்லை'யை அதிகபட்சம் பத்து முறைதான் போடுவது என்று வைத்துக்கொண்டு திரும்ப எடுக்கச் சொல்லுங்கள். ஆங்கிலத்தில் எடுக்கும் தமிழ் மீடியம் பிள்ளைகளுக்கு இது கட்டாயம். இன்னொன்று, அப்பா அம்மா பக்கத்தில் உட்கார்ந்து திரையைப் பார்க்கக் கூடாது. வார்த்தைக்கு அர்த்தம் சொல்ல அண்ணனோ அக்காவோ இருக்கட்டும்.

இனி எண்களைப் படிப்போம். பெரும்பாலானோர் முதலில் நிற்கும் பெயரை மட்டும் பார்த்துவிட்டு "நீ இன்வெஸ்டிகேட்டிவ் டைப்" என்று முத்திரை குத்திவிடுகிறார்கள். முதல் மூன்றையும் அவற்றுக்கு இடையேயான தூரத்தையும் பாருங்கள். ஆய்வு 34, செய்கை 31, ஒழுங்கு 22, சேவை 15, படைப்பு 12, தலைமை 9 என்று வந்தால் படம் தெளிவு. அறுகோணத்தில் பக்கத்துப் பக்கத்து முனைகள் மேலே, ஆய்வுக்கு எதிரே இருக்கும் தலைமை அடியில். பொறியியல், இயற்பியல், ஆய்வகம் சார்ந்த மருத்துவத் துறைகள், வேளாண்மை எல்லாம் இந்தப் பக்கம்தான். ஆய்வு 27, சேவை 26, படைப்பு 25 என்றால் 'ஆய்வு' முதலில் நின்றாலும் அதற்கு அர்த்தமே இல்லை. மூன்றும் சமம். நாளைக்கே திரும்ப எடுத்தால் வரிசை மாறிவிடும். இரண்டு மூன்று மதிப்பெண் வித்தியாசத்தைக் கணக்கிலேயே எடுக்காதீர்கள். ஐந்தாறுக்கு மேல் இருந்தால் பேசலாம்.

எதிரெதிர் முனைகள் இரண்டும் உயர்ந்து நிற்கும் பிள்ளைகள்தான் வீட்டில் அதிகம் திட்டு வாங்குகிறார்கள். படைப்பு 33, ஒழுங்கு 31 என்று வைத்துக்கொள்ளுங்கள். படம் வரைகிறாள், கூடவே நோட்டை வரி பிசகாமல் வைத்திருக்கிறாள். "ஒண்ணு ஆர்ட்ஸ்னு சொல்லு, இல்ல பி.காம்னு சொல்லு" என்று வீட்டில் நெருக்கினால் அவளால் சொல்ல முடியாது. டெஸ்ட் தப்பு என்றும் தோன்றும். இரண்டும் சேர்ந்து தேவைப்படும் வேலைகள் நிறைய உண்டு: புத்தகப் பதிப்பில் எடிட்டிங், பக்க வடிவமைப்பு, ஆவணக் காப்பகம், ஜவுளி டிசைன். அந்த இரட்டை நாட்டம் பலம். ஒன்றை வெட்டி எறியச் சொல்லாதீர்கள்.

ஆறு எண்களுக்குப் பிறகு தளம் 'ஜாப் ஜோன்' தேர்ந்தெடுக்கச் சொல்லும். எவ்வளவு படிப்பும் பயிற்சியும் தேவை என்பதை வைத்து வேலைகளை 1 முதல் 5 வரை பிரித்திருக்கிறார்கள். நான்கு வருட பட்டம் தேவைப்படும் வேலைகள் பெரும்பாலும் 4-ல். எலக்ட்ரீஷியன் மாதிரியான வேலைகள் 3-ல். பிள்ளை டிகிரி படிக்கப் போகிறது என்பதால் நம் ஊரில் எல்லோரும் 4-ஐ அழுத்துவார்கள். அங்கேதான் பெரிய ஓட்டை. இந்தப் பிரிவு அமெரிக்கப் படிப்பு முறையை வைத்துச் செய்தது. அங்கே வக்கீலாக வேண்டுமானால் ஒரு டிகிரி முடித்துவிட்டுத்தான் சட்டக் கல்லூரி. டாக்டருக்கும் அப்படியே. பிசியோதெரபிக்கு முனைவர் நிலைப் படிப்பு. அதனால் இவையெல்லாம் 5-ல் போய் உட்கார்ந்திருக்கின்றன. இங்கேயோ பிளஸ் டூ முடித்த கையோடு எம்.பி.பி.எஸ்., ஐந்து வருட சட்டப் படிப்பு, பி.பி.டி., பி.ஃபார்ம் எல்லாவற்றிலும் சேரலாம். 4-ஐ மட்டும் பார்த்தால் இந்தக் கதவுகள் கண்ணிலேயே படாது. 4, 5 இரண்டையும் பாருங்கள். செய்கை எண் 30-ஐத் தாண்டியிருந்தால் 3-ஐயும் பாருங்கள். பத்தாவதுக்குப் பின் மூன்று வருட பாலிடெக்னிக் டிப்ளமோ, அங்கிருந்து நேரடியாக பி.இ. இரண்டாம் ஆண்டு என்ற பாதை இந்தப் பிள்ளைகளுக்கு அச்சாகப் பொருந்தும். மார்க் குறைந்தவர்கள் போகும் இடம் என்ற பேச்சால் மட்டுமே அது வீணாகிறது.

பட்டியலில் வரும் சம்பளமும் 'எதிர்காலம் பிரகாசம்' என்ற குறியும் அமெரிக்கச் சந்தைக்கானவை. கண்ணை மூடிக்கொண்டு தாண்டுங்கள். வேலையின் பெயரைத் தட்டினால் வரும் 'அன்றாடம் என்ன செய்வார்கள்' என்ற பகுதி மட்டும் எந்த ஊருக்கும் பொருந்தும். உட்கார்ந்து படிக்க வேண்டியது அதைத்தான்.

கிடைத்த நாட்டத்தைப் பாடத்திட்டத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பது மிச்ச வேலை. இதை டெஸ்ட் செய்து தராது. அண்ணா பல்கலைக்கழகத்தின் கீழ் பி.இ. எந்தக் கிளையில் சேர்ந்தாலும் முதல் வருடம் கணிதம், இயற்பியல், வேதியியல், புரோகிராமிங் எல்லாம் படிக்க வேண்டும். சேவை 35, ஆய்வு 14 வந்த பிள்ளையைச் சம்பளத்துக்காக கம்ப்யூட்டர் சயின்ஸில் சேர்த்தால், அந்த முதல் வருடத்தைத் தாண்டுவதே போராட்டம். மனிதர்களிடம் பேசப் பிடிக்கும் என்று பி.எஸ்சி. சைக்காலஜி எடுப்பவர்கள், அதில் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் பேப்பர் இருப்பதைச் சேர்ந்தபின்தான் பார்க்கிறார்கள். குரூப் எடுக்கும்போதே தெரிந்திருக்க வேண்டியது இன்னொன்று: பொறியியல் கலந்தாய்வுக்கான 200 மதிப்பெண் கட்-ஆஃபில் கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50. கணிதம் இல்லாத குரூப்பில் இந்தக் கதவு மூடும். உயிரியல் இல்லாவிட்டால் நீட் கதவு. ஐந்து வருட சட்டப் படிப்புக்கு எந்த குரூப்பும் போதும். ஆகவே தலைமையும் சேவையும் உயர்ந்து நிற்கும் பிள்ளையை 'எதற்கும் இருக்கட்டும்' என்று பயோ-மேத்ஸில் போட்டு இரண்டு வருடம் வதைக்க ஒரு காரணமும் இல்லை.

இந்த டெஸ்ட் அளக்காதவை இரண்டு. ஒன்று, திறமை. பிடிக்கும் என்பதாலேயே வரும் என்று ஆகாது. அதற்கு ஆப்டிட்யூட் டெஸ்ட் வேறு. சி.பி.எஸ்.இ.யும் என்.சி.இ.ஆர்.டி.யும் சேர்ந்து ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்காகக் கொண்டுவந்த 'தமன்னா' அந்த வகை. மொழி, எண், இயந்திர அறிவு, இடவுணர்வு என்று 7 பகுதிகளாக அளக்கிறது. இரண்டையும் எடுத்து, நாட்டமும் திறமையும் எங்கே கூடுகின்றன என்று பார்ப்பதே நல்ல வழி.

இரண்டாவது, உழைக்கும் முறை. குணத்தை ஐந்து அளவுகோல்களில் அளக்கும் 'பிக் ஃபைவ்' முறையில் கான்ஷியன்ஷியஸ்னெஸ் என்று ஒன்று வரும். சொன்ன வேலையைச் சொன்ன நேரத்தில் திட்டமிட்டு முடிக்கிற குணம். கல்லூரி மதிப்பெண்ணோடு அதிகம் தொடர்புள்ள குணம் இதுதான் என்று பல நாட்டு ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வந்திருக்கிறது. எந்தப் படிப்பு என்பதை இது சொல்லாது. அந்தப் படிப்பை எந்த மாதிரி இடத்தில் படிக்கலாம் என்று சொல்லும். ஒழுங்கு எண் 36 வந்த பிள்ளைக்கு சி.ஏ. பொருத்தமாகத் தெரியலாம். ஆனால் சி.ஏ.வில் வாரா வாரம் டெஸ்ட் வைத்து விரட்ட ஆள் கிடையாது. பெரும்பகுதி தானாக உட்கார்ந்து படிக்க வேண்டும். தள்ளிப்போடும் பழக்கம் உள்ள பிள்ளைக்கு, இன்டர்னல் டெஸ்டும் அட்டென்டன்ஸும் கறாராக இருக்கும் கல்லூரியில் பி.காம். சேர்ந்து, கூடவே சி.ஏ. ஃபவுண்டேஷன் எழுதுவது பாதுகாப்பு. பிக் ஃபைவை இலவசமாக அளக்க ஐபிஐபி கேள்வித் தொகுப்புகள் இருக்கின்றன. 120 கேள்வி உள்ளதை எடுங்கள்.

ஆளின் குணத்தை நாலு எழுத்தில் வகை பிரித்துச் சொல்லும் எம்பிடிஐ டெஸ்ட் பற்றிப் பிள்ளைகளே அதிகம் பேசுகிறார்கள். கார்ல் யுங் 1921-ல் எழுதியதை வைத்துத் தாயும் மகளுமாக இரண்டு அமெரிக்கப் பெண்கள் உருவாக்கியது. மொத்தம் 16 வகை. குறை எங்கே என்றால், ஒவ்வொரு அளவிலும் நடுவில் ஒரு கோடு கிழித்து ஆளை இந்தப் பக்கம் அல்லது அந்தப் பக்கம் தள்ளிவிடுகிறது. பெரும்பாலானோர் நடுவில்தான் இருக்கிறார்கள். 51-ம் 95-ம் ஒரே எழுத்து. 49-க்கு எதிர் எழுத்து. அதனால்தான் ஒரு மாதம் கழித்து எடுத்தால் எழுத்து மாறுகிறது. தன்னைப் பற்றி யோசிக்க ஒரு தூண்டுதலாக அது இருக்கட்டும். 'நான் இன்ட்ரோவெர்ட், அதனால் கோடிங்தான் சரி' என்று முடிவெடுக்க மட்டும் வேண்டாம். ஓ-நெட் ஆறு எண்களை முழுதாகக் காட்டுவதால் இந்த விபத்து குறைவு.

'விஷுவல் லேர்னர், ஆடிட்டரி லேர்னர்' என்று பிரித்துப் படிப்பு சொல்லும் டெஸ்டுகளுக்குக் காசு கொடுக்காதீர்கள். அந்தப் பாணிக்கு ஏற்பப் பாடம் நடத்தினால் கூடுதலாகக் கற்கிறார்கள் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று 2008-லேயே அமெரிக்க உளவியலாளர்கள் விரிவாக அலசிச் சொல்லிவிட்டார்கள்.

வருத்தமாக இருப்பது டிஎம்ஐடி என்ற பெயரில் நடப்பது. பத்து விரல் ரேகையை ஸ்கேன் செய்து, மூளையின் எந்தப் பகுதி எத்தனை சதவீதம், எந்தப் படிப்பு பொருந்தும் என்று கலர் கலராகப் பல பக்க ரிப்போர்ட் தருகிறார்கள். விரல் ரேகை தாயின் வயிற்றிலேயே, ஐந்தாம் மாதத்துக்குள், உருவாகி முடிந்துவிடுகிறது. அதன்பின் பிள்ளை படித்தது, பழகியது, விழுந்து எழுந்தது எதுவும் அதில் ஏறாது. பதினைந்து வயதுப் பிள்ளைக்கு எது பிடிக்கும் என்று அதில் எப்படித் தெரியும்? ரிப்போர்ட்டில் தசம புள்ளி வரை எண் இருப்பதால் அறிவியலாகத் தெரிகிறது. எண் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் பதில் வராது. அந்தப் பணத்தில் பிள்ளையை நான்கு கல்லூரிகளுக்குப் பஸ்ஸில் கூட்டிப்போய் லேபையும் வகுப்பையும் காட்டலாம்.

இரண்டு நாட்டங்கள் சமமாக வந்து முடிவெடுக்க முடியாமல் நிற்பவர்களுக்கு ஒரு வழி. ஐ.ஐ.டி. பேராசிரியர்கள் பாடம் நடத்தும் என்பிடெல் விரிவுரைகள் யூடியூபில் இலவசம். இரண்டு துறைகளிலும் முதலாண்டுப் பாடம் ஒன்றின் முதல் மூன்று விரிவுரைகளைப் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு ஒவ்வொன்றிலும் ஒரு பயிற்சிக் கணக்கையோ கேள்வியையோ பேப்பரில் போட்டுப் பார்க்கட்டும். ஒரு துறைக்கு ஒரு வாரம். பார்ப்பதில் மட்டும் ஆர்வம் இருந்து, பேப்பரில் போட மனம் வரவில்லை என்றால் அது வேடிக்கை பார்க்கும் ஆர்வம். விடை வராவிட்டாலும் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கிற துறையை மேலே வையுங்கள்.

ஒன்பதாவது முடிந்த லீவில் ஒருமுறை, பிளஸ் ஒன் அரையாண்டுக்குப் பின் ஒருமுறை எடுத்தால் போதும். அந்த வயதில் நாட்டங்கள் கொஞ்சம் நகரும். கல்லூரிப் பருவத்தில்தான் இன்னும் உறுதிப்படும். ஆறு எண்களையும் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அடுத்த முறை பட்டியலை மட்டும் பார்க்க வேண்டுமானால் 60 கேள்விக்கும் திரும்பப் பதில் சொல்ல வேண்டியதில்லை. பழைய எண்களை நேரடியாகத் தளத்தில் போட்டு, வேறு ஜாப் ஜோன் மாற்றிப் பார்க்கலாம்.